நாற்பத்தோராம் வாரத்துப் பூசணி

1. செவ்வாய்க்கிழமை காலை

பண்ணை முதலாளி ஸ்வென் இறந்த செய்தி காலை ஆறு நாற்பதுக்கு வந்தது. நான் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். கனகண்ணையை வீட்டு வாசலில் ஏற்றிக்கொண்டு ரண்டர்ஸ் நகர எல்லையைத் தாண்டியிருந்தேன். போன் அதிர்ந்ததும் அவர்தான் எடுத்துப் பார்த்தார். டெனிஷ் எழுத்தை அவர் மெதுவாகத்தான் வாசிப்பார். இரண்டு முறை வாசித்தார்.

"பிள்ளை, ஓரமா நிப்பாட்டு."

பஸ் தரிப்பிடம் ஒன்றில் நிறுத்தினேன். மெசேஜ் ஸ்வென்னின் மனைவி பிர்தேயிடமிருந்து வந்திருந்தது. இரண்டு வரி. 'ஸ்வென் இன்று விடிய இறந்துவிட்டார். இதயம்.' வேலைக்கு வா என்றோ வரவேண்டாம் என்றோ அதில் இல்லை.

கனகண்ணை தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "நேற்றுப் பின்னேரமும் மனுசன் நல்லாத்தானே நிண்டவர். என்னோடை பகிடி விட்டவர்."

"இப்ப என்ன அண்ணை செய்யிறது?"

"என்ன செய்யிறதோ? காரைத் திருப்பு. செத்தவீட்டுக்கு வேலை உடுப்போடை போறதே?"

திருப்பினேன். அந்தத் தரிப்பிடத்திலிருந்து பண்ணைக்குப் பன்னிரண்டு நிமிட ஓட்டம். அன்றைக்குப் பூசணி வெட்ட வேண்டிய நாள்.

இங்கே காய்கறிப் பண்ணைகளுக்கு வேலைக்குப் போகிற எங்கள் ஆட்களின் தொகை இப்போது கொஞ்சம் கூடியிருக்கிறது. அவர்கள் வாசிக்கட்டும் என்று, நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதுகிறேன்.

2. பண்ணையும் நாங்களும்

ரண்டர்ஸுக்கு மேற்கே நாலு ஹெக்டேர் நிலம். பூச்சி மருந்து இல்லை, செயற்கை உரம் இல்லை. வேலை செய்தவர்கள் நாலு பேர். பிர்தே, ஸ்வென், அவர்களிடம் வாரத்தில் மூன்று நாள் கூலிக்குப் போன நாங்கள் இருவர். நான் அதற்கு முன் எஸ்பியர்க்கில் மீன் தொழிற்சாலையில் இருபது வருடம் நின்றவள். மகளுக்கு ரண்டர்ஸில் வேலை கிடைத்தபோது கூட வந்தேன். கனகண்ணை பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு எடுத்தவர். ஓய்வூதியம் வருகிறதே, பிறகு ஏன் சேற்றுக்குள் இறங்குகிறீர்கள் என்று யாராவது கேட்டால், "பண்டி வெட்டின பாவத்தை லீக்ஸ் வெட்டித் தீர்க்கிறன்" என்பார்.

பண்ணையில் தேதி சொல்லமாட்டார்கள். வாரத்தின் இலக்கம் சொல்வார்கள். முப்பத்தைந்தாம் வாரம் வெங்காயம். முப்பத்தேழில் உருளைக்கிழங்கு. முப்பத்தொன்பதில் பூசணி. அதன் பிறகு கரட், செலரிக் கிழங்கு. வெங்காயத்தாள் போன்ற லீக்ஸும் கேல் கீரையும் பனிக்குள்ளேயே நிற்கும். அவற்றுக்கு அவசரம் இல்லை.

அவசரம் பூசணிக்குத்தான். இங்குள்ள பூசணி ஊர்ப் பூசணி போலப் பெரிதல்ல. ஹொக்கைடோ என்று பெயர்; செம்மஞ்சள் நிறம், இரண்டு கையால் ஏந்தும் அளவு. வெட்டியதும் பத்து நாள் கண்ணாடி வீட்டின் சூட்டில் வைத்துத் தோலை இறுக்க வேண்டும். இறுகிவிட்டால் டிசம்பரில் நத்தார்ப் பண்டிகை தாண்டியும் கெடாது. ஆனால் வயலில் கிடக்கும்போது ஒரே ஒரு நாள் உறைபனி பட்டால் போயிற்று. வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே சதை உறைந்து இளகிவிடும். ஒரு கிழமைக்குள் தோலில் ஈரப்புள்ளி வரும், பிறகு அழுகும்.

பண்ணைக்கு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். கிழமைக்கு ஒரு மரக்கறிப் பெட்டி அவர்கள் வீட்டுக்குப் போகும். நவம்பர் முதல் நத்தார் வரை அந்தப் பெட்டியில் முக்கியமான காய் பூசணிதான். பூசணி இல்லை என்றால் அந்தக் காலத்துப் பெட்டியை நிரப்ப வழி இல்லை. இது எங்கள் இருவருக்கும் தெரியும். தெரியாமல் நடந்தது என்று நான் சொல்ல முடியாது.

ஸ்வென் பெரிய உருவம், சிறிய பேச்சு. ஒரு வேலையை மிக நன்றாகச் செய்தால் "மோசமில்லை" என்பார். அதற்கு மேல் அவரிடம் பாராட்டு கிடையாது. முதல் வருடம் கனகண்ணை பூசணியைக் காம்பில் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தபோது மறித்தார்.

"கனக், உன் பிள்ளையை மூக்கில் பிடித்துத் தூக்குவாயா?"

நான் மொழிபெயர்த்தேன். கனகண்ணை பூசணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "மூக்கு நல்ல நீளம் எண்டால் தூக்குவன் எண்டு சொல்லு" என்றார். சொன்னேன். ஸ்வென் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து பூசணிக் காம்புக்கு அவர் 'மூக்கு' என்றே சொன்னார். "மூக்கை ஒரு விரல் நீளம் விட்டு வெட்டு."

அந்த வருடம் வசந்தம் குளிராக இருந்ததால் நடுகை பிந்தியது. பூசணி நாற்பத்தோராம் வாரத்துக்குத் தள்ளிப்போனது. திங்கட்கிழமை வெட்டத் தொடங்கினோம். பதினெட்டுப் பெட்டி ஏற்றினோம். வயலில் மூன்றில் ஒரு பங்கு முடிந்திருந்தது. மாலையில் ஸ்வென் வரப்பில் நின்று மிச்சத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்.

"வெள்ளிக்குள் முடிக்க வேண்டும்" என்றார்.

அவர் எங்களிடம் கடைசியாகச் சொன்ன வேலை வார்த்தை அதுதான்.

3. சாப்பாடு

செத்தவீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்பது எங்கள் வழக்கம். அயலவர்கள்தான் சமைத்துக் கொண்டுபோவார்கள். செவ்வாய் பின்னேரம் சோறும் பருப்பும் உருளைக்கிழங்குப் பால்கறியும் உறைப்பில்லாமல் சமைத்தேன். உடுப்பு மாற்றிக்கொண்டு மூன்று மணிக்குப் போனோம்.

முற்றத்துக் கம்பத்தில் கொடி அரைவாசியில் பறந்தது. அதை ஏற்றியவர் அடுத்த பண்ணைக்காரர் யென்ஸ் என்று பிறகு தெரிந்தது. பூதவுடலை அதற்குள் கொண்டுபோய்விட்டார்கள். பிர்தே கதவைத் திறந்தார். ஸ்வென்னின் கம்பளிச் சட்டையை அணிந்திருந்தார். கைகள் சட்டைக்குள் மறைந்து விரல் நுனி மட்டும் தெரிந்தது.

கனகண்ணை கைகூப்பினார். நான் வருத்தம் சொன்னேன். பிர்தே பாத்திரங்களை வாங்கிக்கொண்டார்.

"பூட்ஸ் போட்டுக்கொண்டிருந்தார்" என்றார். "ஒரு காலில் போட்டிருந்தார். மற்றது கையில் இருந்தது."

பிறகு எங்கள் தோள்களுக்கு மேலால் வயல் பக்கம் பார்த்தார். சிறிது நேரம் பார்த்தார். நான் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

அடக்கம் அடுத்த புதன்கிழமை, கிராமத்துத் தேவாலயத்தில், பதினொரு மணிக்கு என்றார். எட்டு நாள். நாங்கள் தலையாட்டிவிட்டு வந்தோம்.

காரில் ஏறியதும் நான் கேட்டேன். "அண்ணை, வெள்ளிக்குள்ள முடிக்கோணும் எண்டவர்."

"ஆர் சொன்னது?"

"ஸ்வென்தான்."

"அந்த மனுசன் இப்ப இல்லை. பிரேதம் எடுக்க முன்னம் அவரின்ரை காணிக்குள்ள கத்தியோடை இறங்கி, அவர் நட்டதை வெட்டிறதோ? அந்த மனுசி சன்னலுக்காலை பாத்துக்கொண்டிருக்க?"

"இஞ்ச எட்டு நாள் செல்லுமே."

"செல்லட்டும். இஞ்ச சாகிறதுக்கும் நாள் புக் பண்ணோணும். அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது?"

"உங்கடை தமக்கை செத்தபோது நீங்கள் வேலைக்குப் போனனீங்கள்தானே. இஞ்சதான்."

"அது தொழிற்சாலை, பிள்ளை" என்றார் கனகண்ணை. "அது ஆரின்ரையும் வீடில்லை. இது வீடு."

அவர் சொன்னது எனக்குச் சரியாகப் பட்டது. அவரைச் சாட்டி நான் தப்பக்கூடாது. எனக்கும் ஒரு காரணம் இருந்தது. என் அப்பா யாழ்ப்பாணத்தில் இறந்த செய்தி வந்த அன்று நான் எஸ்பியர்க்கில் மீன்கள் பட்டியில் நகர்ந்து வரும் மேசையில் நின்றேன். வேலையை விட்டுப் போகலாம் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மாலை நாலு மணிவரை மீன் முள் எடுத்தேன். அந்த நாளை நினைத்தால் எனக்கு என் கைகள்மேல்தான் கோபம் வரும். ஆகவே ஸ்வென்னுக்காக என் கைகள் சும்மா இருக்கட்டும் என்று நினைத்தேன். நான் கொடுக்கக்கூடிய பெரிய மரியாதை அதுவாகத்தான் தெரிந்தது.

4. புதன் முதல் வெள்ளி வரை

புதன்கிழமை வேலை நாள். நாங்கள் போகவில்லை. பிர்தேயிடமிருந்து அழைப்பு இல்லை. சரியாகத்தான் செய்கிறோம் என்று எடுத்துக்கொண்டேன்.

வியாழன் எங்களுக்கு வேலை நாள் இல்லை. அன்றைக்குப் பிர்தேயின் தம்பியோ அயலவர்களோ வந்து வெட்டுவார்கள் என்று கனகண்ணை போனில் சொன்னார். "உரித்துக்காரர் இருக்கினம்தானே. அவை பாப்பினம்."

பிர்தேக்குத் தம்பி இருக்கிறாரா என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது.

என் மகள் அபி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். இங்கே பிறந்தவள். நான் தமிழில் கேட்டால் டெனிஷில் பதில் சொல்வாள். வியாழன் மாலை வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு கேட்டாள்.

"அம்மா, நேற்று ஏன் வீட்டில் நின்றாய்?"

"ஸ்வென் செத்தவர் எல்லே."

"தெரியும். பிர்தே வரவேண்டாம் என்று சொன்னாரா?"

"இல்லை."

"நீ கேட்டாயா?"

"செத்தவீட்டுக்கு போன் எடுத்து, எனக்கு வேலை இருக்கோ எண்டு கேக்கச் சொல்லுறியோ? சம்பளத்துக்கு அலையிறன் எண்டு நினைக்கமாட்டாவோ?"

"அவர் என்ன நினைக்கிறார் என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அபி. "எங்கள் இல்லத்தில் ஒருவர் இறந்தால் பிள்ளைகள் வந்து எங்களிடம் கேட்பார்கள், நாங்கள் அவர்களிடம் கேட்போம். எல்லோரும் எல்லாவற்றையும் கேட்பார்கள். கேட்டால் ஒருவரும் கோபிக்கமாட்டார்கள்."

"உனக்கு எங்கடை முறை விளங்காது."

"அது சரி. ஆனால் பிர்தேக்கும் விளங்காதே" என்றாள். பிறகு குளிக்கப் போய்விட்டாள்.

வெள்ளி காலை வானிலை பார்த்தேன். சனி விடியற்காலை பூச்சியத்துக்குக் கீழே நாலு பாகை. காற்று இல்லை, முகில் இல்லை. நல்ல உறைபனிக்கு வேண்டிய எல்லாம் இருந்தன. கனகண்ணைக்கு எடுத்தேன்.

"அண்ணை, நாளை விடிய மைனஸ் நாலாம்."

மறுபக்கத்தில் தேநீர் கலக்கும் ஓசை கேட்டது. "ம்" என்றார்.

"கொட்டிலுக்குள்ள வெள்ளைத் துணிச்சுருள் கிடக்கு. நாலு சுருள். வெட்டவேண்டாம், மூடிவிட்டிட்டு வருவமே. ரெண்டு பேர் போனால் ரெண்டு மணித்தியாலம்."

அந்தத் துணி மிக மெல்லியது. பயிருக்கு மேலே விரித்து ஓரத்தில் கல் வைத்தால் நாலைந்து பாகைக் குளிரைத் தாங்கும். ஸ்வென் சலாட் கீரைக்கு விரிப்பார்.

"மூடிறது வேலை இல்லையோ?" என்றார் கனகண்ணை. கொஞ்சம் பொறுத்து, "நீ போகோணும் எண்டால் சொல்லு, வாறன்" என்றார்.

முடிவை என்னிடம் விட்டார். நான் சன்னலால் வெளியே பார்த்தேன். நல்ல வெயில். அந்த வெயிலில் பிர்தே சமையலறையில் நின்று எங்களைப் பார்ப்பதை நினைத்தேன். அவருடைய கணவர் பெட்டிக்குள் கிடக்க, அவருடைய வயலில் நாங்கள் துணியை உதறி விரித்து, 'அந்த முனையைப் பிடி, இந்த முனையைப் பிடி' என்று கத்துவதை நினைத்தேன்.

"வேண்டாம் அண்ணை" என்றேன். "அவை பாத்திருப்பினம்."

5. சனிக்கிழமை

காலை ஏழரைக்கு என் கார்க் கண்ணாடியில் பனி கெட்டியாகப் படிந்திருந்தது. சுரண்டினேன். சுரண்டிக்கொண்டிருக்கும்போதே பண்ணைக்குப் போவது என்று முடிவெடுத்துவிட்டேன். கனகண்ணையிடம் சொல்லவில்லை.

வயலில் துணி விரித்திருக்கவில்லை. யாரும் வெட்டவில்லை. திங்கள் மாலை நாங்கள் விட்ட வரிசையில், விட்ட இடத்தில், ஒரு வெறும் பெட்டி கிடந்தது. இலைகள் எல்லாம் வெள்ளை. பூசணிகள் வெள்ளைக்கு நடுவே நல்ல செம்மஞ்சளாக, அழகாகத்தான் இருந்தன. எட்டரை அளவில் மரங்களுக்கு மேலால் வெயில் வந்தது. வெயில் பட்ட பக்கத்திலிருந்து இலைகள் கறுக்கத் தொடங்கின. வெந்நீர் ஊற்றிய கீரை போலத் தண்டோடு மடிந்து விழுந்தன. கால் மணி நேரத்துக்குள் வயலின் நிறம் மாறிவிட்டது. கையுறையைக் கழற்றி ஒரு பூசணியின் தோலைத் தொட்டேன். கல் போலக் குளிர்ந்திருந்தது.

வேலிப் பக்கம் யென்ஸ் நின்றார். பக்கத்தில் பார்லி விதைக்கிற பெரிய விவசாயி. அறுபது வயதிருக்கும். கைகளைச் சட்டைப் பைக்குள் விட்டிருந்தார்.

"போய்விட்டது" என்றார்.

"ஓம்" என்றேன். டெனிஷில் சொல்லவேண்டியதைத் தமிழில் சொல்லிவிட்டேன். அவருக்கு விளங்கியது.

"உங்களுக்குச் சுகமில்லையா? இரண்டு பேருக்கும்?"

"இல்லை. சுகம்தான்."

அவர் என்னைப் பார்த்தார். கோபமாக அல்ல. ஒரு கணக்கு ஏன் சரிவரவில்லை என்று பார்ப்பவரைப் போல.

"நான் வியாழக்கிழமை பிர்தேயிடம் கேட்டேன்" என்றார். "மகனையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், ஒரு நாளில் வெட்டி உள்ளே வைத்துவிடலாம் என்றேன். வேண்டாம் என்றார். 'என்னுடைய ஆட்கள் வருவார்கள்' என்றார்."

நான் கையுறையை மறுபடி மாட்டினேன்.

"நேற்றும் கேட்டேன். அதையேதான் சொன்னார்."

யென்ஸ் தன் பண்ணைப் பக்கம் நடந்தார். நான் பிர்தேயின் கதவைத் தட்டவில்லை. சமையலறைச் சன்னலில் விளக்கு எரிந்தது. காருக்குள் ஏறி, ஏறிய பிறகும் கொஞ்ச நேரம் சாவியைத் திருகாமல் இருந்தேன்.

6. தேவாலயம்

புதன்கிழமை கனகண்ணை கறுப்புக் கோட் அணிந்து வந்தார். தேவாலயம் சிறியது, வெள்ளைச் சுவர். ஆட்கள் நிறைய. இங்கே சவப்பெட்டியிலிருந்து வாசல்வரை நடைபாதையின் இரு கரையிலும் பூக்களை வைப்பது வழக்கம். அன்றைக்குப் பூக்களுக்கு இடையில் பூசணி வைத்திருந்தார்கள். பூங்கொத்துக்கு ஒன்று, பூங்கொத்துக்கு ஒன்று என்று வாசல்வரை.

"இதென்ன பிள்ளை, கறிக்காயைக் கொண்டந்து கோயிலுக்க" என்றார் கனகண்ணை காதோடு. பிறகு அவரே, "அவர் நட்டதெல்லே" என்றார்.

திங்கள் வெட்டிய நல்ல காய்கள் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். நாங்கள் அமர்ந்திருந்த வாங்கின் ஓரத்தில் இருந்த ஒன்றைப் பார்த்தேன். மேலே ஒரு குற்றமும் இல்லை. குனிந்து பார்த்தபோது சுவரை நோக்கிய பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கருமை தட்டி, ஈரமாக, கண்ணாடி போல இருந்தது. அடுத்ததும் அப்படி. அதற்கடுத்ததும். கெட்ட பக்கம் எல்லாம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. பெருவிரலால் மெல்ல அழுத்தினேன். தோல் உள்ளே போனது.

பண்ணை வேலை தெரிந்த ஒருவர்தான் அவற்றை அப்படித் திருப்பி வைத்திருக்க முடியும். முன்வரிசையில் பிர்தே நேராக உட்கார்ந்திருந்தார். நல்ல பதினெட்டுப் பெட்டியையும் அவர் வாடிக்கையாளர்களுக்காகக் கண்ணாடி வீட்டிலேயே வைத்திருந்தார்.

பாதிரியார் ஸ்வென்னைப் பற்றிப் பேசினார். மண்ணை நேசித்தவர் என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கனகண்ணை குனிந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார். வெளியே வந்ததும் கேட்டார்.

"எல்லாம் பனி பட்ட காய் என்ன?"

"ஓம்."



7. குப்பை மேடு

அடுத்த நாள், எங்கள் வேலை நாள் இல்லை என்றாலும், ஏழு மணிக்கு வேலைக்குப் போனோம். பிர்தே பூட்ஸோடு முற்றத்தில் நின்றார். என்ன வேலை என்று நாங்கள் கேட்கவில்லை. பூசணியை வயலில் விட்டால் எலி வரும், நோய் வரும். பொறுக்கிக் கூட்டெருக் குவியலில் போட வேண்டும்.

மூன்று பேரும் பொறுக்கினோம். பாதிக்கு மேல் கையில் எடுத்ததும் காம்போடு கழன்றன. ட்ரக்டர் பெட்டியிலிருந்து குவியலுக்குள் எறியும்போது ஒவ்வொன்றும் வெடித்தது. உள்ளே சதை நல்ல நிறமாக இருந்தது, ஆனால் நூல் நூலாக. மணம் இனிப்பாக இருந்தது. கிழமை முடியும்வரை என் உடுப்பில் அந்த மணம் நின்றது.

ஒன்பது மணிக்குக் கோப்பி. கொட்டிலில் வாங்கில் இருந்தோம். பிர்தே கோப்பையை இரு கையாலும் பிடித்துக்கொண்டு பேசினார்.

"நான் உன்னிடம் ஒன்று கேட்கலாமா, சாந்தி?"

"கேள்."

"என்னைப் பார்க்கப் பயந்தா வரவில்லை? அழுகிறவளோடு எப்படி வேலை செய்வது என்று?"

நான் எங்கள் முறையைச் சொன்னேன். பிரேதம் எடுக்கும்வரை அந்த வீட்டுக் காணியில் வேலை செய்யமாட்டோம் என்பதைச் சொன்னேன். என் டெனிஷ் அதற்குப் போதுமாகத்தான் இருந்தது. பிர்தே குறுக்கிடாமல் கேட்டார்.

"அப்படியென்றால் அது மரியாதை."

"ஓம். மரியாதை."

"நான் ஒவ்வொரு நாளும் ஏழு மணிக்கு மூன்று பேருக்குக் கோப்பி போட்டேன்" என்றார். "உங்கள் வேலை நாள் இல்லாத நாளிலும் போட்டேன். தனியாக அந்த வயலுக்குள் போக என்னால் முடியவில்லை. நீங்கள் வந்தால் பின்னாலேயே வந்துவிடலாம் என்று பூட்ஸைப் போட்டுக்கொண்டு இருந்தேன்."

"நீ ஒரு போன் எடுத்திருந்தால் வந்திருப்போம்."

"எப்படி எடுப்பது? நீங்களும் அவருக்காக அழுகிறீர்கள் என்று நினைத்தேன். அழுகிறவர்களை வேலைக்குக் கூப்பிடுவதா?"

கனகண்ணைக்குப் பாதிதான் விளங்கியது. என்ன சொல்கிறார் என்று கேட்டார். கோப்பியைப் பற்றிச் சொன்னேன். அவர் தன் கோப்பையைப் பார்த்தார். அதை வாங்கில் வைத்துவிட்டு எழுந்து குவியல் பக்கம் போனார். நாங்கள் போவதற்குள் ஒரு பெட்டியைத் தனியாகவே காலி செய்துவிட்டார்.

திரும்பி வரும்போது காரில் சொன்னார். "என்ரை சொல்லைக் கேட்டு நீயும் கெட்டாய்."

"நீங்கள் வாறன் எண்டனீங்கள் அண்ணை. வெள்ளிக்கிழமை. நான்தான் வேண்டாம் எண்டது."

"அதைச் சொல்லாதை" என்றார். "ரெண்டு பேரிலையும் பாதிப் பாதி கிடக்கட்டும்."

யென்ஸிடம் பிர்தே சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை நான் கனகண்ணைக்குச் சொல்லவேயில்லை. பிர்தேயிடமும் எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளவில்லை.

நவம்பர் கடைசியில் பூசணி தீர்ந்தது. கரட், பீற்றூட், கேல் கீரை வைத்து இரண்டு கிழமை பெட்டி அனுப்பினோம். டிசம்பர் இரண்டாம் கிழமையோடு இந்த வருடத்துக்கு நிறுத்துகிறேன் என்று பிர்தே வாடிக்கையாளர்களுக்கு எழுதினார். வசந்தத்தில் தொடங்கவில்லை. நிலத்தை யென்ஸுக்குக் குத்தகைக்குக் கொடுத்தார். கண்ணாடி வீட்டைக் கழற்றி விற்றார். இப்போது அங்கே பார்லி. பிர்தே நகரத்தில் சிறிய வீட்டில் இருக்கிறார். நத்தாருக்கு வாழ்த்து மட்டை அனுப்புவார். நானும் அனுப்புவேன்.

பூசணி போனதால்தான் பண்ணை போனது என்று எழுதினால் அது மிகை. ஐம்பத்தெட்டு வயதில் தனியாக நாலு ஹெக்டேரை நடத்துவது யாருக்கும் கடினம். ஒரு குளிர்காலத்தைத் தாண்ட அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது என்றும், அது வயலில் கிடந்தது என்றும் எழுதினால் அது சரியாக இருக்கும்.

8. புதிதாக வருகிறவர்களுக்கு

நான் இப்போது விபோர்க் பக்கம் ஒரு லீக்ஸ் பண்ணையில் வேலை செய்கிறேன். போன வருடம் முதலாளியின் தாய் இறந்தார். செய்தி வந்ததும் பூட்ஸும் கத்தியும் எடுத்துக்கொண்டு போய் வாசலில் நின்று, வேலை செய்யட்டுமா என்று கேட்டேன். முதலாளி என்னை வியப்பாகப் பார்த்து, "இன்றைக்கு வேண்டாம், இங்கே யாரும் வேலை செய்யவில்லை. வீட்டுக்குப் போ" என்றார். போய்விட்டேன்.

ஆகவே இந்த நாட்டு முறை இதுதான் என்று உங்களுக்கு எழுதித் தர என்னிடம் ஒன்றும் இல்லை. பிர்தேயின் வீடு ஒரு மாதிரி, இவருடைய வீடு வேறு மாதிரி. எங்கள் முறையிலும் பிழை இல்லை. கனகண்ணை இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறார், நானும் மறுப்பதில்லை. ஆனால் சொல்லாமல் காட்டும் மரியாதை மற்றவர் கண்ணுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிவதெல்லாம் நாங்கள் வரவில்லை என்பதுதான்.

செத்தவீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோங்கள். கைகூப்புங்கள். பிறகு, திரும்புவதற்கு முன், "நாங்கள் வரட்டுமா?" என்று கேளுங்கள். டெனிஷில் அதற்கு மூன்று சொற்கள் போதும். அன்றைக்கு அந்த வாசலில் நின்றபோது எனக்கு மூன்றும் தெரிந்திருந்தன.